நடீன் எந்த ஊரில் உட்கார்ந்து வேலை செய்தாள்

மார்ச் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை, நடீன் கோவால்சிக்குக்கு மெய்ன் மாநில வரித்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவள் குடியிருந்த லார்க்கம் துறை என்ற கடலோர ஊரில் பனி உருகி ரோடெல்லாம் களியாகக் கிடந்த நேரம் அது. தபால்பெட்டிவரை போய்வந்ததில் பூட்ஸில் அப்பிய சேற்றை வாசலில் நின்று சுரண்டிக்கொண்டே உறையைப் பிரித்தாள். 2022ஆம் வருடத்துக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது டாலர் வரி பாக்கி, வட்டி தனி என்று எழுதியிருந்தது.

சுரண்டிய கை அப்படியே நின்றது. வரி விஷயத்தில் அவள் ஒரு நாள் பிந்தியவள் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கடலைப் பார்த்த இந்தச் சின்ன வீட்டை வாங்கிக்கொண்டு வந்தவள். நாற்பத்தாறு வயது, துணைக்குப் பிக்கிள் என்ற நாய். வேலை மட்டும் பழைய வேலைதான். பாஸ்டனில் ஒரு நிறுவனம். காது கேளாத மாணவர்கள் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, ஆசிரியர் பேசப்பேச அதை எழுத்தாகத் தட்டி அவர்கள் திரையில் ஓடவிடுவாள். வகுப்பு எந்த மூலையில் நடந்தாலும் அவள் தட்டுவது தன் வீட்டிலிருந்துதான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வரும்போதே மாசசூசெட்ஸ் வரியைக் கம்பெனி பிடித்துக்கொள்ளும். ஏப்ரல் வந்தால் நடீன் அந்த மாநிலத்துக்கு ஒரு கணக்கு கொடுப்பாள். பிறகு மெய்னுக்கு ஒரு கணக்கு: அங்கே இவ்வளவு கட்டிவிட்டேன், அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று. கம்ப்யூட்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் போட்டாள். அதுவும் பச்சை டிக் போட்டு வாழ்த்துச் சொன்னது. இப்போது என்னவென்றால், கழித்தது செல்லாதாம்.

கடிதத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு ஆள் எடுத்தார். நிதானமான குரல்.

"நான் வரி கட்டியிருக்கேங்க. எல்லாத்துக்கும் ரசீது இருக்கு" என்றாள் நடீன்.

"கட்டலன்னு நாங்க சொல்லலையே. வேற ஆளுகிட்ட கட்டிட்டீங்கன்னுதான் சொல்றோம்."

"கம்பெனி பாஸ்டன்ல இருக்கே."

"கம்பெனி நிலாவுல இருக்கட்டும். நீங்க எங்க உட்கார்ந்து தட்டினீங்க?"

"சமையலறைக்குப் பக்கத்து ரூம்ல."

"அந்த ரூம் எந்த மாநிலத்துல இருக்கு?"

"மெய்ன்."

"அவ்வளவுதாங்க. இங்க உட்கார்ந்து சம்பாதிச்ச காசுல மாசசூசெட்ஸுக்குப் பங்கு கிடையாது. கம்பெனி நியூயார்க்ல இருந்திருந்தா கதை வேற, அவங்க சட்டம் ஒரு மாதிரி, நீங்க எங்க உட்கார்ந்து தட்டினாலும் வரி கேப்பாங்க. நல்லவேளை நீங்க தப்பிச்சீங்க. அங்க கட்டினதைத் திருப்பிக் கேளுங்க, குடுப்பாங்க. வந்ததும் எங்களுக்குக் கட்டுங்க. ஆனா கணக்கு குடுத்த நாள்லேருந்து மூணு வருஷத்துக்குள்ள கேக்கணும். 2022 கணக்கை எப்ப குடுத்தீங்க?"

"அடுத்த வருஷம் ஏப்ரல் நடுவுல."

"அப்ப இன்னும் அஞ்சு வாரம் இருக்கு" என்றார் அவர், தாராளமாக எதையோ கொடுப்பவர் போல.

அதே சூட்டோடு கம்பெனியின் சம்பளப் பிரிவைக் கூப்பிட்டாள். ப்ரெண்டன் என்ற இளைஞன் எடுத்தான். கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, "நடீன், உங்க பேருக்கு நேரா வேலை செய்யற இடம் பாஸ்டன்னு போட்டிருக்கு" என்றான்.

"வீட்டு விலாசம் மெய்ன்னு இருக்கே."

"அது வேற கட்டம்."

"அந்தக் கட்டமும் இந்தக் கட்டமும் ஒண்ணையொண்ணு பாத்துக்கவே பாத்துக்காதா?"

ப்ரெண்டன் நல்ல பையன்தான். தவறு தங்களுடையது என்று ஒப்புக்கொண்டான். இனிமேல் சரியாகப் பிடிப்பதாகவும், நீங்கள் வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்று கடிதம் கொடுப்பதாகவும் சொன்னான். "ஆனா ஒவ்வொரு நாளும் நீங்க எங்க இருந்தீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க, எத்தனை மணிக்கு முடிச்சீங்கங்கறது இருக்கு. எங்கேருந்துங்கறது இல்ல. மாசசூசெட்ஸ்காரங்க அதைத்தான் கேப்பாங்க."

மறுநாள் மத்தியான இடைவேளையில் நடீன் ஊர் அலுவலகத்துக்குப் போனாள். ஊர் எழுத்தர் ரோடா ஃபாக்கிங்ஹாம். முப்பது வருடமாக அதே மேஜை. வண்டிப் பதிவு, நாய் வளர்க்க அனுமதிக்கும் நாய்ச் சீட்டு, ஓட்டர் பட்டியல், பிறப்பு, இறப்பு எல்லாம் அவள் கைவழியாகத்தான் போகும். வெளியூரிலிருந்து வந்து குடியேறினவர்களை அவள் 'வந்தவங்க' என்பாள். நாற்பது வருடத்துக்கு முன் வந்தவர்களும் அவளுக்கு வந்தவர்கள்தான்.

விஷயத்தைக் கேட்டதும் ரோடா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். "அப்ப, நீ இந்த ஊர்லதான் இருந்தேன்னு நான் சாட்சி சொல்லணும். ஏம்மா, நீ வந்த புதுசுல உன்னை ஊருக்குள்ள பாத்த ஞாபகமே இல்லையே எனக்கு."

"வேலை இருந்துச்சு ரோடா."

"எங்களுக்கு மட்டும் என்ன, ஊஞ்சலா ஆடிட்டிருந்தோம்?" என்று சொல்லிக்கொண்டே பேரேடுகளை இழுத்தாள். நாய்ச் சீட்டு, ஜனவரி பதினெட்டு. ஊர்க் கூட்டத்தில் பெயர் பதிந்தது, மார்ச். வண்டிப் பதிவு, ஆகஸ்ட். ஒவ்வொன்றாக நகல் எடுத்து அடுக்கினாள். நவம்பர் எட்டாம் தேதி தேர்தலுக்கு வந்தபோது விரல் நின்றது.

"தபால் ஓட்டு போட்டிருக்கியே. அன்னைக்கு எங்க போனே?"

நடீனுக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. பிறகு வந்தது. வூஸ்டரில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த மாதம் அது. பதறிப்போய் ஓடினாள். லீவு எடுத்துக்கொண்டு கூட இருந்ததாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"லீவா?" என்றார் ஸ்டெஃபானியா. எண்பது வயதிலும் குரலில் தளர்ச்சி இல்லை. "மூணு நாள் லீவு போட்டே. அப்புறம் என் சாப்பாட்டு மேஜையைப் பிடிச்சிக்கிட்டு நாள் முழுக்க டக்கு டக்குனு தட்டிக்கிட்டிருந்தே. பாத்திரம் கழுவுற மெஷினைப் போட விட்டியா? சத்தம் வருதுன்னே. இடுப்பு ஒடிஞ்சவ நான், கையால கழுவினேன்."

"அம்மா, நான்தாம்மா கழுவினேன்."

"ரெண்டு நாள் நான் கழுவினேன்" என்றார் அம்மா.

காலண்டரை வைத்துக் கணக்குப் பார்த்தாள். வூஸ்டரில் பத்து வேலை நாள். மே மாதம் பயிற்சிக்காகப் பாஸ்டன் போனது ஆறு நாள். ஆகப் பதினாறு நாள் அவள் உண்மையிலேயே மாசசூசெட்ஸில் உட்கார்ந்து சம்பாதித்திருக்கிறாள். அந்தப் பதினாறு நாளின் வரி, கிட்டத்தட்ட இருநூறு டாலர், அவர்களுக்கே சேரும்.

அன்று சாயங்காலம், ரோடா மூலம் விஷயம் தெரிந்து, வெண்டெல் ஆலி வந்தார். குளிர்காலத்தில் அவள் வீட்டுப் பாதையில் பனி தள்ளிக் கொடுப்பவர், விறகு கொண்டுவந்து போடுபவர். கோடையில் இறால் கூண்டு போடுவார். வண்டியின் முன்பெட்டியில் ஒரு நோட்டு வைத்திருப்பார். எவர் வீட்டுக்கு எந்த நாள் எத்தனை மணிக்குப் பனி தள்ளினார் என்று அதில் இருக்கும். 2022 நோட்டைத் தேடி எடுத்து வந்திருந்தார். பெட்ரோல் வாசனையும் மீன் வாசனையுமாக இருந்தது.

"பாரு அம்மணி. ஜனவரி ஏழு, காலை ஆறே கால். 'விளக்கு எரியுது, நாய் குரைச்சது.' பிப்ரவரி நாலு, 'காப்பி குடுத்தா. சுமார்.'"

"சுமாரா?"

"அன்னைக்கு அப்படி இருந்துச்சு. எழுதினதை மாத்த முடியுமா?"

பக்கத்தைப் புரட்டினார். நவம்பர் மூன்று: 'நாய் நம்ம வீட்டுல. நடீன் ஊருக்கு.' நவம்பர் இருபத்திரண்டு: 'நாயைக் கூட்டிட்டுப் போனா. நல்ல நாய். ஒரு செருப்பு போச்சு.'

"இந்த ரெண்டு பக்கத்தை மட்டும் நகல் எடுக்காம விட்டுடு" என்றார் வெண்டெல், குரலைத் தாழ்த்தி. "பத்து நாளை யாரு எண்ணப் போறா?"

நடீன் யோசிக்காமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. இருநூறு டாலர் என்றால் ஒரு பாரம் விறகு. ஆனால் பதினெட்டு வருடமாக ஆசிரியர் இருமினால்கூட 'இருமல்' என்று தட்டிப் பழகிய கை அது. ஒரு வரியை வேண்டுமென்றே விடுவது அந்தக் கைக்கு வராது.

"வேண்டாம் வெண்டெல். இருந்தது இருந்ததுதான். செருப்புக்கு நான் காசு தரேன்."

"பழைய செருப்புதான்" என்றார் அவர்.

ஆனால் அந்த மாதக் கடைசியில் வெண்டெல் அவளைக் கேட்காமலே ஒன்று செய்தார். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் ஊர்க் கூட்டம். தீயணைப்பு வண்டிக்குப் புது டயர், துறைமுகப் பாலத்துக்குப் பலகை எல்லாம் கைதூக்கி முடிவாகி, பீன்ஸும் ரொட்டியும் பரிமாறும் வாசனை வர ஆரம்பித்திருந்தது. வேறு ஏதாவது உண்டா என்று தலைவர் கேட்டார். வெண்டெல் எழுந்தார்.

"நம்ம நடீன் 2022ல இந்த ஊர்ல இருந்தான்னு யாருகிட்டயாவது அத்தாட்சி இருந்தா, ரோடா மேஜையில குடுங்க. மாசசூசெட்ஸ் அவ காசை வச்சிக்கிட்டிருக்கு."

நடீனுக்கு முகம் சுட்டது. நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது கூட்டத்துல பேசற விஷயமில்ல வெண்டெல்" என்றாள் மேடையிலிருந்து ரோடா.

"மாசசூசெட்ஸ்காரன் நம்ம ஊர் காசை வச்சிருக்கான்னா அது பேசற விஷயந்தான்" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூடம் சிரித்தது. தலைவர் சுத்தியலைத் தட்டி, சாப்பிடப் போகலாம் என்றார்.

அடுத்த ஒரு வாரத்தில் ரோடாவின் மேஜையில் சேர்ந்தவற்றைப் பார்த்து நடீன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். தபால் நிலையத்திலிருந்து, பாஸ்டன் கம்பெனி அனுப்பிய கருவிகளுக்கு அவள் கையெழுத்துப் போட்ட சீட்டுகளின் நகல் நான்கு. தேவாலயத்துச் சனிக்கிழமை விருந்துக்கு ஆப்பிள் பலகாரம் கொண்டுவருவதாக அவள் பெயர் எழுதிய தாள். நாய் வைத்தியரின் பில் ஒன்று. முள்ளம்பன்றியோடு பிக்கிள் மோதியது ஒரு புதன்கிழமை. ஒரு கல்யாணப் போட்டோவின் பின்னணியில் அவள் குப்பைப் பையோடு நடந்துபோனாள். மின்சாரக் கம்பெனி மணிவாரியாக மீட்டர் கணக்கைக் கொடுத்தது. வூஸ்டரிலும் பாஸ்டனிலும் இருந்த நாட்களில் மட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கடிதம். எதிர்வீட்டு ஐடா லுக் எழுதியது. கணவரை இழந்தவர், எழுபதைத் தாண்டியவர். நடீன் அவரோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதியிருந்தார்:

'நடீன் வேலை செய்யும் ஜன்னல் என் சமையலறைக்கு நேர் எதிரே இருக்கிறது. வாரநாட்களில் காலை எட்டு மணிக்குக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்காருவாள், நான்கு மணிக்கு எழுவாள். நான் தினமும் காலையில் அவளைப் பார்த்துக் கையசைப்பேன். அவள் ஒரு நாளும் திருப்பி அசைத்ததில்லை. ஆகவே அவள் அங்கே இருந்தாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். 2022இல் மே மாதம் ஒரு வாரமும் நவம்பரில் மூன்று வாரமும் மட்டும் இல்லை. அப்போது ஜன்னல் இருட்டாக இருந்தது, எனக்கு என்னவோ போலிருந்தது.'

நடீன் அதை இரண்டு தரம் படித்தாள்.

"படிச்சியா? எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்றாள் ரோடா. "திமிர் பிடிச்சவன்னுதான் ஊரே உன்னைப் பத்தி நினைச்சிது. நானும்தான்."

"நான் பாக்கவே இல்ல ரோடா. திரை ஜன்னலுக்கு முன்னாலதான் இருக்கு. ஆசிரியர் பேசும்போது கண்ணை எடுத்தா ஒரு வரி போயிடும்."

"என்கிட்ட ஏண்டி சொல்றே? ரோட்டைத் தாண்டிப் போய்ச் சொல்லு."

அவள் வேலை முடிந்து நாலே காலுக்குப் போனாள். ஐடா கதவைத் திறந்து, மாவு ஒட்டிய கையோடு நின்றார். நடீன் தன் வேலை என்ன என்பதை விளக்கினாள். காது கேளாத பிள்ளைகள், ஓடும் வரிகள், கண்ணை எடுக்க முடியாத நேரம். ஐடா முழுதும் கேட்டார்.

"என் அண்ணனுக்குக் காது கேக்காது" என்றார் கடைசியில். "பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சுல உட்கார வச்சாங்க. மூணாம் வகுப்போட நின்னுட்டான். இப்ப அவங்களுக்கு இப்படியெல்லாம் வந்திருக்கா?"

"இருக்கு ஐடா."

"அப்ப நீ என்னைப் பாக்க வேண்டாம். அதையே பாரு" என்றார் ஐடா. பிறகு, "உள்ள வா. பிஸ்கெட் அடுப்புல இருக்கு, கருகிடும்" என்றார்.

மேஜையில் உட்கார்ந்தபோது, நடீனுக்குத் தன் வீட்டு ஜன்னல் தெரிந்தது. வெளியிலிருந்து அவள் அதை ஒருபோதும் பார்த்ததில்லை. தன் நாற்காலி, தன் விளக்கு, விளிம்பில் கால் வைத்து நிற்கும் பிக்கிள். அந்த நாற்காலியில் ஓர் ஆளை ஐந்து வருடம் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே ரொட்டி போல மெத்தென்றிருந்த இரண்டாவது பிஸ்கெட்டில் வெண்ணெய் தடவினாள்.

கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது எல்லாவற்றையும் கட்டி அனுப்பினாள். 2022க்கு ஒரு மனு. பின்னால் வந்த இரண்டு வருடங்களுக்கும் வருடத்துக்கொரு மனு. மேலே ஒரு தாளில் நாள் கணக்கு: வேலை செய்தது இருநூற்று நாற்பது நாள், மெய்னில் இருநூற்று இருபத்து நான்கு, மாசசூசெட்ஸில் பதினாறு. அந்தப் பதினாறும் தேதிவாரியாக. வெண்டெலின் நோட்டுப் பக்கங்களை, செருப்பு உட்பட, அப்படியே வைத்தாள்.

மே மாதம் மூன்றாவது வாரத்தில் போன் வந்தது. மாசசூசெட்ஸ் வரித்துறையில் மனுக்களைப் பார்க்கும் அதிகாரி, திருமதி பெரெய்ரா.

"உங்க கட்டைப் பிரிச்சுப் பாத்தேன். இப்படி ஒண்ணு எனக்கு வந்ததே இல்ல" என்றார்.

"ஏதாவது குறையுதுங்களா?"

"குறையல. வழக்கமா எல்லாரும் எங்க மாநிலத்துல ஒரு நாளும் இல்லன்னு சைபர் போட்டு அனுப்புவாங்க. அப்புறம் நான் ஒண்ணொண்ணா தோண்டணும். நீங்களே பதினாறுன்னு போட்டுட்டீங்க. மீட்டர் கணக்கும் அதையேதான் சொல்லுது, எதிர்வீட்டம்மாவும் அதையேதான் சொல்றாங்க. எனக்கு வேலையே வைக்கல." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "ஒரே ஒரு கேள்வி. நீங்க பதில் சொல்லணும்னு இல்ல. காப்பி இப்பவாவது பரவாயில்லையா?"

"பொடியை மாத்திட்டேங்க" என்றாள் நடீன்.

ஜூன் முதல் வாரத்தில் மூன்று வருடங்களுக்குமான காசோலைகள் வந்தன. பதினாறு நாள் பங்கை மட்டும் பிடித்துக்கொண்டு மிச்சம் முழுவதையும் மாசசூசெட்ஸ் திருப்பியிருந்தது. அன்றைக்கே நடீன் மெய்னுக்குச் சேரவேண்டியதை எழுதி அனுப்பினாள். தாமதத்துக்குக் கட்டவேண்டிய வட்டி, மூன்று வருடத்துக்கும் சேர்த்து, சுளையாக வந்தது. ப்ரெண்டன் மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டி, தவறு எங்கள் கட்டத்தில்தான் என்று சொல்லி அதைக் கம்பெனியையே கட்ட வைத்தான். வந்த காசு வந்த வழியே போயிற்று. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் அவள் கையில் பதினோரு டாலரும் சில்லறையும் நின்றது.

அதை எடுத்துக்கொண்டு ரோடாவைப் பார்க்கப் போனாள். ரோடா அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசம் ஊரையே ஆட்டி வச்சதுக்குப் பதினோரு டாலரா?" என்றாள் ரோடா.

"பாக்கி இல்லாம இருக்கேன் ரோடா. ரெண்டு மாநிலத்துக்கும்."

"அது சரி. அதுக்கு எத்தனை மீன் சாண்ட்விச் வரும்?"

"ஒண்ணரை."

"அரையை நான் போடறேன்" என்று ரோடா கைப்பையைத் திறந்தாள்.

இருவரும் படகுத்துறைக் கடையில் வாங்கிக்கொண்டு, மரப்பலகை மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். கடலேற்றம் பாதியில் இருந்தது. வெண்டெலின் படகு தீவுக்குப் பின்னாலிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தது. மீன் புதுசு, மேல்மாவு மொறுமொறுவென்று இருந்தது. வரப்போகும் ஜூலை நாலு சுதந்திர தின ஊர்வலத்துக்கு ஆள் போதவில்லை, கொடி பிடிக்க வருகிறாயா என்று ரோடா கேட்டாள். எத்தனை மணிக்கு என்று நடீன் கேட்டாள்.